சைதுன் அக்காவின் கிர்ணி விதைச் சாக்லேட்

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் சைதுன் அக்காவைப் பற்றிச் சொல்லும்போது என் பக்கம்தான் நியாயம் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். காஞ்சிபுரத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ஆதார் கார்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எம்மூஞ்சியே வரலியேம்மா" என்று சண்டைக்கு வருகிறவர்களோடு பத்து வருஷம் மாரடித்தால் யாருக்கும் வாய் நீளும். எனக்கு அதற்கு முன்பே நீளம்தான் என்பார் என் வீட்டுக்காரர் ஜெபகுமார்.

பிள்ளையார்பாளையத்தின் ஓரத்தில் நாலு குடித்தனம் இருக்கும் ஒரு காம்பவுண்டில் மாடியில் நாங்கள். ஜெபகுமாருக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்ட் வேலை. எங்களுக்கு ஒரே பெண், திரிஷா. இப்போது ஏழு வயது. கீழ் வீட்டில் சைதுன் அக்காவும் அவருடைய வீட்டுக்காரர் ஷரீஃப் பாயும். அவர்களுடைய மகள் ரூக்ஷாரை ஆம்பூரில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பாய் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜூஸ் கடை போட்டிருக்கிறார். அக்கா பட்டுப்புடவைக்குக் குச்சு கட்டுகிறார்.

குச்சு என்றால் முந்தானை ஓரத்தில் தொங்குமே, அந்த முடிச்சுக் கொத்து. ஒரு புடவைக்கு நூற்றுக்கணக்கில் முடிச்சு. உள்ளங்கையில் பவுடர் தட்டிக்கொண்டு, மடியில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தால் அக்காவின் விரல் மட்டும்தான் ஆடும். வாய் சும்மா இருக்காது. காம்பவுண்டுக்குள் யார் வந்தாலும் விசாரணை. யார் வீட்டில் குழம்பு கருகினாலும் கீழேயிருந்து குரல் வரும். "அரே சுகாசினி, அடுப்ப பாருமா, வாசனை தூக்குது!" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்தக் குரல் வராத இரண்டு வருஷத்தில் நான் எத்தனை முறை குழம்பைக் கருக்கினேன் என்று கணக்கே இல்லை.

அந்த இரண்டு வருஷத்துக்குக் காரணம் ஒரு கத்திரிக்காய்.

போன பக்ரீத்துக்கு முந்தின பக்ரீத்துக்கு அக்கா வீட்டில் பிரியாணி. அதற்குத் தொட்டுக்கொள்ள ஆற்காட்டுப் பக்குவத்தில் கத்திரிக்காய் வைப்பார். வேர்க்கடலையும் எள்ளும் வறுத்து அரைத்துப் புளி ஊற்றிச் செய்வது. திரிஷாவுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு விரலால் தொட்டு நக்கினாள், நன்றாக இருக்கிறது என்று இன்னும் தொட்டாள். ஐந்து நிமிஷத்தில் உதடு தடித்தது. கண் மூடிக்கொண்டது. மூச்சு விசில் அடித்தது. ஷரீஃப் பாய் போட்டது போட்டபடி பிள்ளையைத் தூக்கி வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு பறந்தார். நான் பின்னால் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிறகு சென்னையில் டெஸ்ட் எடுத்ததில் வேர்க்கடலை ஆகாது என்று தெரிந்தது. எள், மற்ற விதைகள் எல்லாம் பரவாயில்லை, கடலை பட்ட கரண்டிகூடப் பக்கத்தில் வரக் கூடாது என்றார் டாக்டர்.

அக்காவுக்கு இது எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே. திரிஷா கடலைச் சட்னி என்றாலே துப்புவாள். வீம்பு என்று நினைத்து முதுகில் இரண்டு வைத்தவள் நான். அந்தக் குற்றம் என் நெஞ்சில் குத்தியதும் அதை யார் தலையில் இறக்குவது என்று தேடினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா அழுதுகொண்டு நின்றிருந்தார். அவரைப் பார்த்துக் கத்தினேன்.

"இனிமே ஒங்க கையால எம் பொண்ணுக்கு ஒரு சொட்டுத் தண்ணிகூட வாணாம். சொல்ட்டேன்."

சொன்னதோடு நிற்கவில்லை, அப்படியே நடந்துகொண்டேன். நோன்புக் கஞ்சி வந்தால் வாசலிலேயே "வாணாம்கா" என்று திருப்பினேன். கிறிஸ்துமஸுக்கு நானும் கீழே எதுவும் அனுப்பவில்லை. அதுவரை பள்ளிக்கூடம் விட்டால் அக்கா வீட்டில் இருந்த திரிஷாவை நேராக ஜெராக்ஸ் கடைக்கு வரச் சொல்லிவிட்டேன். கவுன்ட்டருக்கு அடியில் பேப்பர் பெட்டி மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். சனிக்கிழமையும் அங்கேதான். அக்கா படியில் பார்த்தால், "பாப்பா நல்லா இருக்குதா?" என்பார். நான் "ம்" என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

அக்கா அன்றிலிருந்து தன் வீட்டில் வேர்க்கடலையே வாங்கவில்லை என்பதும், கடலை எண்ணெயை விட்டு நல்லெண்ணெய்க்கு மாறியதும், அந்தப் பழைய மிக்ஸி ஜாரைப் பாத்திரக்காரரிடம் போட்டதும் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். பிள்ளை தன் வீட்டுக்கு வருவதே இல்லை என்று தெரிந்தும் இதையெல்லாம் செய்திருக்கிறார். திரிஷா ஒரு நாள் தன் கையால் சாப்பிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு ஆசை. அதை ஷரீஃப் பாயிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

இந்த வருஷம் மாசியில் திரிஷா ஒரு புது அழுகையை ஆரம்பித்தாள். வகுப்பில் ஒரு பெண் தினமும் பிரெட்டில் சாக்லேட் தடவிக் கொண்டு வருகிறாளாம். கடையில் விற்கும் பாட்டில் எதை எடுத்துப் பார்த்தாலும் பின்பக்கத்தில் கொட்டை வகைகள் என்று போட்டிருக்கும். நான் முடியாது என்பேன், அவள் தரையில் உருளுவாள். "எல்லாரும் சாப்புடுறாங்கம்மா, நான் மட்டும் என்னா பாவம் பண்ணேன்?" என்று ஒரு நாள் பெரிய மனுஷி மாதிரி கேட்டாள். அது கீழ் வீட்டுக்குக் கேட்டிருக்கிறது.

அப்போது கிர்ணிப் பழ, அதாவது முலாம்பழ, சீசன் தொடங்கியிருந்தது. பாய் கடையில் ஒரு நாளைக்கு ஒரு கூடை விதை குப்பைக்குப் போகும். அக்கா அதைப் பக்கெட்டில் வரவழைத்தார். நாலு தண்ணீரில் அலசி, சல்லடையில் தேய்த்து வழவழப்பை எடுத்து, மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்துக் காயவைத்தார். நான் துணி உலர்த்தப் போகும்போது பார்ப்பேன். அணிலை விரட்டிக்கொண்டு குடையோடு உட்கார்ந்திருப்பார். சர்பத்துக்குப் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கிர்ணி விதையை உரிப்பது சாதாரண வேலை இல்லை. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஒவ்வொன்றாக நகத்தால் நெருக்கிப் பிளந்து பருப்பை எடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் உரித்தால் ஒரு பிடி தேறும். அக்காவுக்கு மூன்றாம் நாள் கட்டைவிரல் நகம் பிளந்துபோனது. குச்சு கட்டுகிற கைக்கு நகத்தில் பிசிறு இருந்தால் பட்டு இழை மாட்டி இழுத்துவிடும். அந்த வாரம் ஒரு கல்யாணப் புடவையைக் கட்டாமலே கடைக்குத் திருப்பி அனுப்பினாராம். அக்கா வேலையைத் திருப்பியது அதுதான் முதல் முறை. பாய்க்கு மனசு கேட்கவில்லை. "மிச்ச விதையைக் குடு, நான் கடையிலயே வறுத்துக்கினு வர்றேன். வறுத்தா தோலு ஈசியா விட்டுரும்" என்று மஞ்சப்பையில் வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் வறுத்த விதை வந்தது. நிஜமாகவே தோல் பட்டுப் பட்டென்று விட்டது. அக்கா அவரை அன்றைக்கு ரொம்ப மெச்சினாராம்.

முதல் தடவை அரைத்ததில் வெல்லப் பாகை ஊற்றிக் கெடுத்தார். தண்ணீர் பட்டதும் விழுது இறுகிக் கல்லாகிவிட்டது. பாய் அதை அல்வா என்று சொல்லி இரண்டு நாள் சாப்பிட்டுத் தீர்த்தார். அடுத்த தடவை அக்கா இதற்கென்றே புது ஜார் வாங்கினார். பருப்பை மட்டும் போட்டு விட்டு விட்டு அரைத்தார். முதலில் பொடியாகும், பிறகு உருண்டு ஜாரின் ஓரத்தில் அப்பிக்கொள்ளும். நிறுத்தி வழித்துவிட்டுத் திரும்ப ஓட்ட வேண்டும். மிக்ஸி சூடேறினால் ஈரத்துணி போர்த்தி உட்கார்ந்திருக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்து, இனிமேல் ஆகாது என்று தோன்றும் நேரத்தில் விதையின் எண்ணெய் விட்டு விழுது இளகிப் பளபளக்கும். அப்புறம் கோகோ பவுடர், பொடித்துச் சலித்த நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய். அக்கா தன் பங்குக்கு ஒரு ஏலக்காயும் தட்டிப் போட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அக்கா மாடிப்படி ஏறி வந்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. கையில் ஒரு கண்ணாடிப் பாட்டில். அவர் எங்கள் வாசலைத் தாண்டவில்லை. மகளே என்பதை உருதுவில் பேட்டி என்றுதான் கூப்பிடுவார்.

"பேட்டி, கோச்சிக்காத. கிர்ணி வெதையில செஞ்சேன். கடலை ஒண்ணும் இல்ல, பாதாம் இல்ல, முந்திரி இல்ல. ஜாரு புதுசு, கரண்டி புதுசு. பாப்பா அழுவுது, எனக்குத் தாங்கல. நீ பாத்து, ஒனக்குத் தோணுச்சுன்னா குடு."

வாங்கிக்கொண்டேன். முகத்தில் அடித்த மாதிரி வேண்டாம் என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. ஆனால் உள்ளே வந்ததும் பாட்டிலைப் பீரோ மேல் தூக்கி வைத்துவிட்டேன். மூடியைக்கூடத் திறக்கவில்லை. திரிஷாவிடம் சொல்லவும் இல்லை. பயம் பாதி, பழைய கோபம் பாதி. இரண்டும் ஒன்றாகவே கிடந்து ஊறியிருந்தது.

மறுநாள் படியில் பிடித்துக்கொண்டார். "பாப்பா சாப்ட்டுச்சா?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல முடியவில்லை. "சாப்ட்டாக்கா. நல்லா இருக்குதுன்னா" என்று கூசாமல் புளுகினேன்.

அக்கா முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிரெட்லயா, தோசையிலயா?" என்று மட்டும் கேட்டார். "தோசையில" என்றேன். புளுகுவது என்று ஆன பிறகு தோசை என்ன, பிரெட் என்ன.

வியாழக்கிழமை மத்தியானம். கடையில் நல்ல கூட்டம். ஏதோ விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். சின்னப்பையன் என்று ஒரு பெரியவர், பேர்தான் சின்னப்பையன், எழுபது வயது இருக்கும், ரேஷன் கார்டைக் கொடுத்துவிட்டு என்னை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால் வாசலில் சைதுன் அக்கா. புர்கா இல்லாமல் தெருவில் இறங்காதவர், வெறும் முக்காட்டோடு வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார். காலில் செருப்பு ஜோடி மாறியிருந்தது.

"பாப்பா எங்க?"

"ஸ்கூல்லக்கா. என்னாச்சு?"

"அந்த பாட்டில தூக்கிப் போடு. இனிமே ஒரு வாய்கூட குடுக்காத. அதுல கடலை பட்டுருக்குது."

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். இரண்டாவது பாட்டில் போடலாம் என்று மஞ்சப்பையை உதறியிருக்கிறார். தையல் மடிப்பிலிருந்து சிவப்பாக ஒரு கடலைத் தோல் விழுந்திருக்கிறது. உடனே நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாயை உலுக்கியிருக்கிறார். பாய் கடைக்குப் பக்கத்தில் முனுசாமி என்று ஒருவர் தள்ளுவண்டியில் சுடு மணல் போட்டுக் கடலை வறுத்து விற்கிறார். பாய் விதையை அந்தச் சட்டியில்தான் வறுத்து வாங்கியிருக்கிறார்.

"கேட்டா என்னா சொல்றாரு தெரியுமா? 'கடலையோட போடல சைதுன், வெறும் மண்ணுலதான் போட்டேன்'ங்கிறாரு. அந்த மண்ணுல நாள் பூரா என்னா வறுக்குறான், தங்கமா வறுக்குறான்? எங்கையி நோவுதுன்னு பாத்து செஞ்சாராம். அல்லா, நான் ஜாரு மாத்துனேன், கரண்டி மாத்துனேன், மண்ண கேக்கலியே!"

கடையில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு யாரும் கண்ணில் படவில்லை. கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"மூணு நாளாச்சே. வாயி தடிச்சுதா? சொறி வந்துச்சா? ராத்திரி மூச்சு இழுத்துச்சா? எங்கிட்ட மறைக்காத பேட்டி. திட்டணும்னா திட்டு, அடிக்கணும்னா அடி. இப்பவே ஸ்கூலுக்குப் போலாம் வா, டாக்டருகிட்ட காட்டலாம்."

அத்தனை பேர் முன்னால் நான் சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா... அவ சாப்புடல."

"கொஞ்சமா சாப்ட்டாளா?"

"ஒண்ணுமே சாப்புடல. நான் குடுக்கவே இல்ல. மூடிகூட தெறக்கல. பீரோ மேலயே இருக்குது. ஒங்ககிட்ட பொய் சொன்னேன்."

இடி விழப் போகிறது என்று காத்திருந்தேன். பட்டினி கிடந்தாலும் ரோஷத்தை விடாதவர். அந்தப் பாட்டில் அவர் நகம் பிளந்து, வேலையைத் திருப்பி அனுப்பிச் செய்தது. அதை நம்பாமல் தூக்கி வைத்துவிட்டு, சாப்பிட்டாள் என்று வேறு புளுகியிருக்கிறேன். நான் அவராக இருந்தால் அந்தக் கடையையே இரண்டாக்கியிருப்பேன்.

அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் தோள் குலுங்கியது.

"அல்ஹம்துலில்லாஹ். நீ என்னைய நம்பலியே... நல்ல வேளை, நீ என்னைய நம்பலியே! அதுவே போதும்டி எனக்கு."

கவுன்ட்டருக்குப் பின்னால் பேப்பர் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட நான் அப்படி அழவில்லை. சின்னப்பையன் பெரியவர் தன் ரேஷன் கார்டைத் தானே மெஷினிலிருந்து எடுத்துக்கொண்டு, "மெதுவா பாரும்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்று ஓரமாகப் போய் நின்றார்.

நினைத்துப் பார்த்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அக்காவைப் பொறுத்தவரை திரிஷா சாப்பிட்டுவிட்டாள், மூன்று நாளாகச் சௌக்கியமாகப் பள்ளிக்கூடம் போய் வருகிறாள். அந்தக் கடலைத் தோலை விரலால் சுண்டிவிட்டு அவர் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? இரண்டு வருஷம் ஏங்கி வாங்கிய பேர் அப்படியே நிலைத்திருக்கும். பேர் போனால் போகட்டும் என்று வெயிலில் ஜோடி மாறிய செருப்போடு ஓடி வந்தாரே! நானாக இருந்தால் ஓடி வந்திருப்பேனா? சத்தியமாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் புது இரும்புச் சட்டி, புது மிக்ஸி ஜார், புது ஸ்பூனோடு கீழே இறங்கினேன். அக்கா கதவைத் திறந்தார். சட்டியைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தார்.

"வாணாம்மா. எனக்கு பயமா இருக்குது. ஆசப்பட்டது போதும்."

"எனக்கு மட்டும் பயமில்லையா? வெதை இருக்குதா இல்லியா, அத சொல்லுங்க."

"நீ அதட்டுறதப் பாத்தா கடன் வசூலுக்கு வந்தவ மாதிரி இருக்குது" என்றார். சிரித்துவிட்டார்.

மொட்டை மாடியில் புதிதாகக் காய்ந்த விதை இருந்தது. அதை அக்கா வீட்டு அடுப்பிலேயே என் சட்டியில் வறுத்து, இரண்டு பேரும் உட்கார்ந்து உரித்தோம். அரை மணி நேரத்தில் என் நகம் எரிய ஆரம்பித்தது. ஒரு பாட்டிலுக்கு இவர் எத்தனை நாள் இப்படி உட்கார்ந்திருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஷரீஃப் பாய் வாசலருகே நின்று எட்டி எட்டிப் பார்த்தார். உதவிக்கு வரட்டுமா என்று கேட்கக்கூடத் தைரியமில்லை. "பாய், ஒங்க உதவியெல்லாம் பழத்தோட நிக்கட்டும்" என்றேன். "சரிம்மா" என்று தலையை ஆட்டிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். அக்கா அன்றைக்குத்தான் பழையபடி வாய்விட்டுச் சிரித்தார்.

பத்து மணிக்கு விழுது தயார். டாக்டரிடம் முந்தின நாளே கேட்டு வைத்திருந்தேன். முதலில் உதட்டில் ஒரு பொட்டு, கால் மணி நேரம் பார்த்துவிட்டு ஒரு வாய், அப்புறம்தான் மீதி என்று சொல்லியிருந்தார். திரிஷா தோசைத் தட்டோடு அக்காவின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அக்கா ஸ்பூனை என்னிடம் நீட்டினார்.

"நீயே குடுமா."

"இல்லக்கா. நீங்களே ஊட்டுங்க."

அக்கா ஸ்பூன் நுனியில் துளி விழுதை எடுத்தார். உதட்டில் பொட்டு வைத்தார். நாங்கள் இருவரும் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்கூட எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. திரிஷாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னும் எவ்ளோ நேரம் என் மூஞ்சியையே பாத்துக்கினு இருப்பீங்க?" என்றாள். கால் மணி ஆனது. உதடு உதடாகவே இருந்தது. அக்கா பிஸ்மில்லாஹ் என்று சொல்லித் தோசையைக் கிள்ளி, விழுதைத் தொட்டு ஊட்டினார். அவள் மென்றாள். முழுங்கினாள்.

"சக்கர பத்தல. ஆனா சூப்பர். இன்னொண்ணு."

அக்கா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு இன்னொரு வாய்க்காகத் தோசையைக் கிள்ளினார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை.

இன்னும் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. எழுந்து என் கைப்பையிலிருந்து சின்னப் பையை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் கொடுத்து வைத்தது போக, அவசரத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசியும் மருந்தும் அதில்தான் இருக்கும். ஜெபகுமார் கேட்டால்கூடக் கொடுக்க மாட்டேன், என் தோளை விட்டு இறங்கியதே இல்லை. எந்த நேரத்தில் எதை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அக்காவுக்கு இரண்டு தடவை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். பையை அவர் மடியில் வைத்தேன்.

அக்கா பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இத ஏன் எங்கிட்ட குடுக்குற?"

"கடைக்கு நேரமாச்சுக்கா. இவ இங்கயே இருக்கட்டும்."

சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் நான் திரும்பி வந்தேன்.